ரேடாரில் தெரியாத படகு

நாற்பது வயதில் ஓய்வு பெற்ற ஒருத்தியை எங்கே உட்கார வைப்பது என்று எங்கள் தொழிற்சங்கத்துக்குத் தெரியவில்லை. பிரியாவிடை விருந்தில் 'மூத்தோர்' என்று அட்டை வைத்த மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். என் இருபுறமும் முழங்கால் வலியைப் பற்றிய பேச்சு. என் முழங்கால் நன்றாக இருந்ததால் என்னால் கலந்துகொள்ள முடியவில்லை. பெண்கள் விரும்பினால் நாற்பதில் போகலாம் என்று விதி இருந்தது, போனேன். நான் வேலை பார்த்த நிலையத்தில் பழைய ரேடாரைக் கழற்றிவிட்டு, தானே எல்லாக் கணக்கையும் போட்டுத் திரையில் எழுதிக் காட்டும் புதிய கருவியை வைத்திருந்தார்கள். அதற்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. யாரும் கேட்பதற்கு முன்பே அது பதில் சொல்லிவிடுகிறது.

அந்த மேசைக்குத் தேடி வந்துதான் ஷர்மிளா கேட்டாள். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண். கெட்டிக்காரி, அதை அவளிடம் நான் சொன்னதில்லை.

“அக்கா, வளைகுடாச் சண்டையில டிவில காட்டுனாங்களே, ரேடாருக்கே தெரியாத பிளேன். அதையும் புடிக்கிற ரேடார் ஒருநாள் வந்துருமா?”

“வரும்.”

“அப்புறம் அதுக்கும் தெரியாத பிளேன் வருமா?”

“அதுவும் வரும்.”

“அப்ப இதுக்கு முடிவே இல்லையா லா? குண்டு துளைக்காத டேங்க், அதைத் துளைக்கிற குண்டு, அதுக்கு மேல ஒரு டேங்க்... கடைசில யாருதான் ஜெயிக்கிறது?”

“விக்கிறவன்” என்றேன். முழங்கால்கள் எல்லாம் சிரித்தன.

ஷர்மிளா சிரிக்கவில்லை. “சும்மா சொல்லாதீங்கக்கா. அப்படி ஒரு படகை நீங்க பார்த்திருக்கீங்களாமே” என்றாள்.

நான் பார்க்கவில்லை. அதுதான் விஷயமே. கோழிக் கறியைப் பிய்த்துக்கொண்டே சொல்லக்கூடியது அல்ல என்பதால் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதித் தருவதாகச் சொன்னேன். எந்தத் துறை, எந்தக் கட்டடம் என்று வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஜார்ஜ்டவுன் கரையில் நின்று தலையைத் தூக்கினால், கூரைமேல் சுற்றும் இரும்புக் கையைப் பார்க்காத ஆள் இல்லை. இருந்தாலும் அது ரகசியம்.

என் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதைப் பணிவோடு சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குப் பணிவு வராது. அப்பா தொங்கானில் மூட்டை தூக்கியவர். ஜார்ஜ்டவுன் இருக்கும் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள கடலை வாய்க்கால் என்போம்; அதன் நடுவே நிற்கும் கப்பலிலிருந்து சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும் பெரிய மரப்படகுதான் தொங்கான். நான் புக்கிட் மெர்தாஜாமில் தமிழ்ப்பள்ளி, பிறகு மொழி மாறிப் படிப்பதற்காக ஒரு வருடம் ரிமூவ் வகுப்பு, பிறகு ஐந்தாம் பாரம். பேப்பரில் விளம்பரம் பார்த்து எழுதிப் போட்டேன். ஒன்பது மாதம் ரேடார் பயிற்சி. வகுப்பில் இரண்டே பெண்கள். இன்னொருத்தி நடுவில் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனாள். நான் முதலாவதாகத் தேறினேன். பயிற்சியைப் பற்றி இவ்வளவு போதும்.

வேலை இதுதான். வட்டமான திரை, அதன்மேல் வெளிச்சம் விழாமல் ரப்பர் மூடி. குதிரைக்குக் கொள்ளுப்பை மாட்டியதுபோல முகத்தை அதற்குள் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். உள்ளே ஒரு பச்சைக் கோடு சுற்றிக்கொண்டே இருக்கும். கடலில் எதன்மேலாவது ரேடார் அலை பட்டுத் திரும்பினால் அந்த இடத்தில் ஒரு பொட்டு விழும். கப்பல் என்றால் பெரிய பொட்டு, மீன்பிடிப் படகு என்றால் சின்னப் பொட்டு. திரையின்மேல் உள்ள கண்ணாடித் தகட்டில் மெழுகுப் பென்சிலால் பொட்டுக்கு அடையாளம் வைத்து, பக்கத்தில் நேரத்தை எழுத வேண்டும். சற்று நேரம் கழித்து மறுபடியும் அடையாளம். இரண்டையும் சேர்த்துக் கோடு இழுத்தால் அது எங்கே போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று தெரிந்துவிடும். கோட்டை முன்னால் நீட்டினால் இன்னும் பத்து நிமிடத்தில் எங்கே இருக்கும் என்பதும் தெரியும். சோதிடம் மாதிரிதான், இது பலிக்கும்.

என் மேலதிகாரி திரு. அருளம்பலம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அவர் அப்பாவும் தாத்தாவும் இங்கே அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள். முழங்கால்வரை வெள்ளைக் காலுறை, மடிப்புக் கலையாத அரைக்கால்சட்டை. குரலை உயர்த்தியதே கிடையாது. கோபம் வந்தால் பென்சில் சீவுவார். அதிகம் கோபம் வந்தால், ஏற்கெனவே சீவிய பென்சிலையும் சீவுவார். அவருக்கு முன்னால் எப்போதும் பதிவேடு திறந்திருக்கும். நடந்தது மட்டும், நடந்த நிமிடத்தோடு, அதில் ஏறும். ஒருமுறை நான் நாற்காலியிலிருந்து விழுந்ததையும் நேரத்தோடு எழுதி வைத்திருந்தார்.

அவருடைய விதிகளில் பெரியது மூன்று சுற்று விதி. பச்சைக் கோடு மூன்று முறை தொடர்ந்து சுற்றி வந்து, மூன்று முறையும் அதே இடத்தில் பொட்டு விழுந்தால்தான் அது பொருள். ஒருமுறை விழுந்து மறைந்தால் அலை, பறவை, அல்லது என் கண்.

“ஒருக்கா தெரிஞ்சதெல்லாம் எழுத வெளிக்கிட்டால் பிள்ளை, இந்தக் கடல் முழுக்கக் கப்பலாத்தான் இருக்கும்” என்பார்.

நல்ல விதிதான். நானும் அதன்படிதான் வேலை பார்த்தேன்.

இனிப் படகு. பாலம் வருவதற்கு முந்தைய காலம். தீவுக்கும் பெருநிலத்துக்கும் ஃபெரி ஒன்றுதான் வழி. வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர், ரேடார் அலையை விழுங்கிவிடும் ஒரு கறுப்புப் பூச்சைக் கொண்டுவந்தார். தூய வெள்ளை உடுப்பில் வந்த அவரை நாங்கள் பூச்சுக்காரர் என்றோம். ரோந்துப் படகு ஒன்றுக்கு அதைத் தடவி, அறையைச் சுற்றிக் குண்டு துளைக்காத தகடும் வைத்துத் தைத்திருந்தார்கள். சன்னல்கள் எல்லாம் உண்டியல் வாய் மாதிரி. அந்தப் படகு தெற்கே இருந்து வாய்க்கால் வழியாக ஏறி வரவேண்டும்; நான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் பூச்சு வெற்றி. படகு போகும் வழி உறையில் போட்டு அரக்கு வைத்து அருளம்பலம் சாரின் மேசையில் இருந்தது. முடியும்வரை பிரிக்கக்கூடாது. படகு தன் ரேடாரை அணைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அதுவும் காட்டிக்கொடுக்கும். வானொலியையும் அணைத்திருக்க வேண்டும். நாங்களும் வானொலியில் அந்தப் படகைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டேன். அந்த வருடங்களில் நான் கையெழுத்துப் போடாத தாளே இல்லை.

படகின் சேராங், அதாவது மாலுமிகளின் தலைவர், சாகுல் அண்ணன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்து ஆள். காலையில் படகு புறப்படுமுன் படித்துறையில் பார்த்தேன். 

“தங்கச்சி, இன்னிக்கு உன் கண்ணுல நான் படமாட்டேன்” என்றார்.

“பட்டுட்டா?”

“பட்டுட்டா மத்தியானச் சோறு, நாசி கண்டார், நான் வாங்கித் தாரேன். படலேன்னா நீ.”

“ஆட்டுக் கறியா?”

“மொதல்ல பாரு லா. அப்புறம் கறியப் பத்திப் பேசு.”

ஒன்பது மணிக்குச் சோதனை தொடங்கியது. பூச்சுக்காரர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவர் போட்டிருந்த வாசனை ரப்பர் மூடிக்குள்ளும் வந்தது. திரையில் மீன்பிடிப் படகுகள் தெரிந்தன. மிதவைகள் தெரிந்தன. ஒரு கட்டுமரம்கூட மங்கலாகத் தெரிந்தது. இரும்புத் தகடு போட்ட ரோந்துப் படகைக் காணோம். மனசுக்குள் பாராட்டினேன், பூச்சு பூச்சுதான்.

ஒன்பது பதினைந்துக்கு ஒரு பொட்டு. ஒரே சுற்று. அடுத்த சுற்றில் இல்லை. கை தானாகப் போய் மெழுகுப் பென்சிலால் புள்ளி வைத்தது. ஒன்பது இருபத்தொன்றுக்கு, கொஞ்சம் வடக்கே, இன்னொன்று. அதுவும் ஒரே சுற்று. ஒன்பது முப்பதுக்கு மூன்றாவது.

பூச்சைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான் தடவியிருந்தார்கள். பெரிய கப்பல் போன அலையில் படகு சாயும்போது அதன் அடிவயிறு ஒரு நொடி தெரியும் அல்லவா, அதுதான் என்று எனக்குப் பட்டது. புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தேன். ஒரே நேர்கோடு. முதல் இரண்டுக்கும் நடுவே ஆறு நிமிடம், அடுத்ததற்கு ஒன்பது நிமிடம். தூரமும் அதே கணக்கில் ஒன்றரைப் பங்கு. எந்த நாரையும் இவ்வளவு ஒழுங்காகப் பறக்காது.

“சார், படகு” என்றேன்.

“மூண்டு சுத்து தொடர்ந்து வந்ததோ?”

“தொடர்ந்து வரல சார். மூணு தடவை, ஒவ்வொரு சுத்து.”

“தொடர்ந்து வரேல்லையெண்டால் அது பொருள் இல்லை. அலை. எழுத வேண்டாம்.”

பூச்சுக்காரருக்குத் தமிழ் தெரியாது; 'இல்லை' என்று சார் தலையசைத்த விதம் புரிந்திருக்கும். புன்னகைத்தார். நானும் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. போகிறது ஒரு நாசி கண்டார்.

அப்போதுதான் மழை வந்தது. சுமாத்ரா என்று நாங்கள் சொல்லும் மழை. மேற்கே இருந்து சுவர் மாதிரி நகர்ந்து வரும், அரை மணி நேரம் அடித்துவிட்டுப் போய்விடும். மழைத்துளியும் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் என்பதால் திரையில் பால் கொட்டியது மாதிரி ஆகிவிட்டது. சன்னல் வழியே பார்த்தால் எதிர்க்கரை இல்லை. பாலுக்குள் ஒரே ஒரு பெரிய பொட்டு மட்டும் மங்காமல் தெரிந்தது. எதிர்க்கரையில் பட்டர்வொர்த்திலிருந்து கிளம்பிய ஃபெரி. காலை நேரம், கீழ்த்தட்டு முழுக்கக் காரும் மோட்டார் சைக்கிளும், மேல்தட்டு முழுக்க வேலைக்குப் போகிற சனம். தினமும் நானே அதில்தான் வருவேன்.

என் கோட்டை நீட்டினேன். ஃபெரியின் கோட்டையும் நீட்டினேன். இரண்டும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டன. ஒன்பது நாற்பத்திரண்டுக்கு. கடிகாரத்தில் ஒன்பது முப்பத்தெட்டு.

படகில் சாகுல் அண்ணனையும் சேர்த்து எட்டுப் பேர். ரேடார் இல்லை, வானொலி இல்லை, பார்ப்பதற்கு உண்டியல் வாய். அதன் வழியே இந்த மழையில் ஃபெரி தெரியாது. தெரிந்தாலும் அந்தத் தகட்டின் கனத்தைச் சுமந்துகொண்டு படகு சட்டென்று திரும்பாது. ஃபெரியில் ரேடார் உண்டு. அதற்கும் இந்தப் படகு தெரியாது. தெரியாமல் இருப்பதற்காகத்தானே அத்தனை பாடு.

“சார், ஃபெரிக்குச் சொல்லணும். படகு குறுக்கே வருது.”

“எந்தப் படகு?” என்றார். நக்கலாகக் கேட்கவில்லை. அவர் பதிவேட்டில் படகு இல்லை.

“சோதனைப் படகு சார்.”

“ஆர் கண்டது? நீர் கண்டீரோ?”

“காணல. கணக்குப் போட்டேன்.”

“வானொலியில அந்தப் படகைப் பற்றிக் கதைக்க எனக்கும் அனுமதியில்லை, உமக்கும் இல்லை. மேலிடத்தைக் கேக்க வேணும்.” தொலைபேசியை எடுத்தார். மழைக்கு அது முன்பே உயிரை விட்டிருந்தது. வைத்துவிட்டு ஒரு பென்சிலை எடுத்து, சீவியை எடுத்தார்.

நான் ஒலிவாங்கியை எடுத்தேன். என் வீட்டில் முதல் அரசாங்க உத்தியோகம் இத்தோடு போயிற்று என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். ஒரு நொடியில் மனிதரால் எவ்வளவு யோசிக்க முடிகிறது.

ஃபெரியைக் கூப்பிட்டு மலாயில், உடனே நிறுத்துங்கள், உங்கள் இடப்பக்கத்திலிருந்து ஒரு படகு வருகிறது என்றேன்.

“எந்தப் படகு? என் ரேடாரில் ஒன்றுமில்லையே” என்றார் ஃபெரி கேப்டன்.

“என் ரேடாரிலும் இல்லை. நிறுத்துங்க.”

இப்படி ஒரு காரணத்தை அவர் தன் வாழ்நாளில் கேட்டிருக்கமாட்டார். ஆனால் கடலில் இருக்கிறவர்கள் முதலில் நிறுத்துவார்கள், பிறகுதான் திட்டுவார்கள். திரையில் பெரிய பொட்டு மெதுவாயிற்று. பிறகு நின்ற இடத்திலேயே நின்றது. மழைக்குள்ளிருந்து கறுப்பாக ஏதோ ஒன்று ஃபெரியின் மூக்குக்கு முன்னால், இரண்டு பஸ் நீளத்தில், குறுக்கே போயிற்றாம். முன்வரிசையில் மோட்டார் சைக்கிளோடு நின்றவர்கள் கை ஆட்டினார்களாம். எனக்கு அதுவும் தெரியவில்லை. கேப்டன் வானொலியில் சொன்னதுதான். அதற்குப் பிறகு அவர் சொன்னதை மலரில் எழுத முடியாது.

திரும்பிப் பார்த்தேன். அருளம்பலம் சார் சீவியைக் கீழே வைத்துவிட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நேரம் பார்த்தார், எழுதினார். மறுபடி நேரம் பார்த்தார், எழுதினார்.

பூச்சுக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்கு ஒரே சந்தோஷம். இரண்டு ரேடார், ஒரு கப்பல், முட்டும் தூரத்தில் வந்தும் ஒரு ரேடாரிலும் படவில்லை. இதைவிட நல்ல சோதனை கிடைக்காது என்றார். பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மழை விட்டதும் சாகுல் அண்ணன் ஈரத்தோடு மாடிக்கு வந்தார். 

“கப்பலா அது தங்கச்சி? அலமாரி. எங்கள உள்ள வெச்சுப் பூட்டி, கடல்ல தள்ளிவிட்டுட்டாங்க லா. திடீர்னு பாக்குறேன், தலைக்கு மேல ஃபெரி. இந்தப் பக்கம் போற வர்ற எவனாவது எங்களப் பாத்துற மாட்டானான்னு இருந்துச்சு.”

“அண்ணே, பாக்கக்கூடாதுன்னுதானே போனீங்க?”

“போனோம். சாகவா போனோம்?”

ஷர்மிளா, உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். பூச்சு ரேடாரை ஜெயிக்கும், ரேடார் பூச்சை ஜெயிக்கும், தகடும் குண்டும் அப்படித்தான். உனக்கும் எனக்கும் பென்ஷன் வாங்கும் வயது தாண்டியும் நடக்கும். ஆனால் முழுதாக மறைந்துவிட்ட படகுக்குள் எட்டுப் பேர், யாராவது பார்த்துவிடுங்கள் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பூச்சுக்காரரின் தாளில் யாரும் சேர்க்கவில்லை.

ஒரு வாரத்தில் எனக்குக் காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. பதவி நீக்கம்வரை போகலாம் என்று கடைசி வரி. சோதனை அறிக்கையை என்னிடம் காட்டினார்கள். அதில் பூச்சு முழு வெற்றி, அசம்பாவிதம் எதுவும் இல்லை. ஃபெரி அதில் இல்லை. எட்டுப் பேர் இல்லை. வானொலியில் நான் வாய் திறந்தது மட்டும் இருந்தது. என்னவோ நான் பொழுதுபோகாமல் பேசியது மாதிரி.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அருளம்பலம் சார் பதிவேட்டோடு வந்தார். இவளுக்கு அனுமதி இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றார். படகு திரையில் இருந்ததா? விதிப்படி இல்லை என்றார். பிறகு பதிவேட்டைத் திறந்து, அதே குரலில், அதே வேகத்தில் வாசித்தார். 'ஒன்பது முப்பத்தொன்பது, மிஸ் அஞ்சலை அனுமதியின்றி ஃபெரியை எச்சரித்தார். ஒன்பது நாற்பத்தொன்று, ஃபெரி நின்றது. ஒன்பது நாற்பத்திரண்டு, சோதனைப் படகு ஃபெரிக்கு முன்னால் கடந்ததாக ஃபெரி தெரிவித்தது.' மூடிவிட்டார். எனக்காக ஒரு வார்த்தை கூட்டவில்லை. அவர்களுக்காக ஒரு வார்த்தை குறைக்கவுமில்லை.

படகு தெரியாமல் எப்படி எச்சரித்தாய் என்று என்னைக் கேட்டார்கள். மூன்று புள்ளிகளையும் தாளில் வரைந்து காட்டினேன். நடுவில் இருந்தவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சு வாங்கும் முடிவு அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். கையெழுத்துப் போட்டார், வாங்கினார்கள், அது வேறு. என்னை வேலையைவிட்டு எடுக்கவில்லை. கடும் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். மூன்று வருடம் பதவி உயர்வு கிடையாது.

செபராங் ஜெயாவில் வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலில் செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அரசாங்க உறையைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“வேலை போச்சா?”

“போகலப்பா. எச்சரிக்கை குடுத்திருக்காங்க.”

“என்னா எழுதியிருக்கான்? அப்படியே படி. நீயா எதையும் மாத்தாத.”

மலாயில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். இன்ன தேதியில், இன்ன நேரத்தில், கட்டளையை மீறி, அனுமதியின்றி வானொலியில் ஃபெரியை எச்சரித்தது நிரூபிக்கப்பட்டுள்ளது. அதன் விளைவாக ஃபெரி நின்றது. இத்தகைய செயல் இனி நடக்கக்கூடாது. படிக்கும்போதே எனக்கு அவமானமாக இருந்தது. இந்த வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் படித்துக் காட்டும் அரசாங்கக் கடிதம் இதுவா என்று.

அப்பா சுத்தியலை மறுபடி எடுத்தார். பிறகு கேட்டார்.

“ஃபெரி நின்னுச்சுன்னு போட்டிருக்கானா?”

“போட்டிருக்கான்.”

“முத்திரை இருக்கா?”

“இருக்கு.”

எழுந்து உள்ளே போய், கையிலிருந்த ஆணியைச் சாமி படத்துக்குப் பக்கத்துச் சுவரில் அடித்தார்.

“மாட்டு” என்றார்.